ஏழு பெண்களும் ஒரு வாவிக்கரையும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய மாலை ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் ரெலிபோனில் பேசியபோது, "கல்லூரியின் நூறு வருடத்தைப் பற்றி மற்ற எல்லோரும் பேசுகிறார்கள். நீங்கள் வேறு ஏதாவது பேசுங்கள், தேநீருக்குப் பிறகு சனம் நித்திரை கொள்ளாத மாதிரி" என்றார். சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்துப் பெண்கள் ஏழு பேர் இத்தாலிக்குப் போய் இருந்துவிட்டு வந்த கதை ஏற்கெனவே உங்களில் பலருடைய காதில் விழுந்திருக்கும். அதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்கோ, ஆனால் படம் காட்டவேண்டாம்" என்றார். ஆகவே இன்று படம் இல்லை.

பிள்ளையோ சகோதரமோ வெளிநாட்டில் இல்லாதவர்கள் கையை உயர்த்துங்கள் என்றால் இந்த மண்டபத்தில் எத்தனை கை உயரும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் வெளிநாடு போய் வருகிறோம். எதற்குப் போகிறோம்? மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறோம். பேரப்பிள்ளை பார்க்கப் போகிறோம். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போகிறோம். ஒரு சோலியும் இல்லாமல், ஆறுதலாக இருப்பதற்கென்றே ஒரு வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஓரிடத்தில் போய் இருப்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. அப்படி ஓரிடத்தை எப்படித் தேடினோம், தேடும்போது எங்கே பிழைவிட்டோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு 82 வயது. அனலைதீவிலிருந்து ட்றங்குப் பெட்டியுடன் வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து, இந்தக் கல்லூரி விடுதியில் எட்டு வருடம் இருந்தவர். இதோ முன்வரிசையில் இடதுபக்கம் இருக்கிறார். மூத்தவள் நான், ஊரில் அம்மாவுடன் இருக்கிறேன். நடுவிலாள் லண்டனில். சின்னத்தங்கை சுவிஸில், பேர்ண் நகரில். நாங்கள் மூவரும் இங்கேதான் படித்தோம். பிறகு ரொறன்ரோவில் இருக்கும் என் மகள், அவளுடைய ஐந்து வயதுப் பிள்ளை, லண்டன் தங்கையின் பத்தொன்பது வயது மகள். ஏழு பேர், நாலு தலைமுறை. ஆண்களை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று கேட்பவர்களுக்கு: அவர்களை நாங்கள் கேட்கவும் இல்லை, அவர்கள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

அம்மாவும் நாங்கள் மூவரும் கடைசியாக ஒரே கூரையின் கீழ் படுத்தது 1989ஆம் ஆண்டு. அதன் பிறகு ஒருத்தி லண்டன் போனாள். 1995 ஒக்ரோபரில் ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் அம்மாவும் அப்பாவும் ஒன்றாக நடந்தோம், சின்னவள் அதற்கு முன்பே கொழும்பு போய், பிறகு சுவிஸ் போய்விட்டாள். பின்னாளில் இரண்டு பேராக, மூன்று பேராகச் சந்தித்திருக்கிறோம். நாலு பேரும் ஒன்றாக இருந்ததில்லை. ஒருத்திக்கு லீவு கிடைக்கும்போது மற்றவளுக்கு விசா இல்லை, விசா இருக்கும்போது காசு இல்லை.

அம்மா 1998இல் லண்டனுக்கு ஒரு முறை போனார். தங்கையின் மகன் பிறந்த நேரம். நவம்பரில் போய் ஏப்ரலில் திரும்பினார். லண்டன் எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் ஒரே பதில்தான்: "குசினி யன்னலாலை ஒரு மரம் தெரியும். அதிலை இலை வந்த கிழமை நான் வந்திட்டன்." இதை ஒரு பகிடியாகத்தான் நாங்கள் நெடுங்காலம் சொல்லிச் சிரித்தோம். சென்ற ஆண்டு இடம் தேடத் தொடங்கியபோதுதான் அது பகிடி அல்ல என்று எனக்கு விளங்கியது.

ஏன் ஊரிலேயே கூடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஊருக்கு வந்தால் வீடு நிறையச் சனம். அம்மாவும் நானும் விடிய நாலரைக்கு எழும்பி இடியப்பம் பிழிவோம். வந்தவர்கள் கோயிலுக்கும் உறவினர் வீடுகளுக்கும் ஓடுவார்கள். லண்டனில் கூடினால் லண்டன்காரி சமைப்பாள், பேர்ணில் கூடினால் பேர்ண்காரி. யாருடைய வீட்டில் கூடினாலும் அந்த வீட்டுக்காரிக்கு விடுமுறை இல்லை. ஆகவே யாருடைய வீடாகவும் இல்லாத ஒரு வீடு வேண்டும் என்று சின்னத்தங்கைதான் முதலில் சொன்னாள்.

என் பெறாமகள், லண்டன் பிள்ளை, கெட்டிக்காரி. ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கி, எக்செலில் ஒரு திட்டம் போட்டு அனுப்பினாள். ஒன்பது நாள்; பாரிஸ், ரோம், புளோரன்ஸ், வெனிஸ். நாலு ஹொட்டேல், மூன்று ரயில் பயணம். பார்க்க வடிவாக, நிறநிறமாக இருந்தது. நான் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவள். எந்த இடத்தின் பெயரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் சமவுயரக் கோடுதான் ஞாபகம் வரும். "பிள்ளை, இதிலை எத்தனை படி இருக்கு?" என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. வெனிஸில் நானூறுக்கு மேல் பாலங்கள், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இருபக்கமும் படி. அம்மாவுக்கு வலது முழங்கால் நோ. ஒரு பாலம் ஏறி இறங்குவார், இரண்டாவதில் நிற்பார், மூன்றாவதில் "நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதிலை இருக்கிறன்" என்பார். அப்படிச் சொல்ல வைத்துவிட்டால் நாங்கள் கூட்டிப்போனது வீண்.

அடுத்து மகள் சிங்க்வே தெர்ரே என்ற கடலோரக் கிராமங்களின் படங்களை அனுப்பினாள். பாறையில் ஒட்டிவைத்த மாதிரி மஞ்சளும் சிவப்புமாக வீடுகள். அதில் கொர்னீலியா என்ற ஊருக்கு ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 380 படி. கிரேக்கத் தீவு ஒன்று வந்தது, அதுவும் படி. படத்தில் வடிவாகத் தெரிகிற ஊர்களில் அரைவாசி மலைச்சரிவில் இருக்கும் ஊர்கள். அது அந்த ஊர்களின் குற்றமில்லை.

அப்போதுதான் நான் அம்மாவின் அந்த யன்னல் மரத்தை நினைத்துக்கொண்டேன். ஒரு விதியை மட்டும் குழுவில் எழுதினேன்: அம்மா விடிய எழும்பி, ஒருவரையும் எழுப்பாமல், தானே கதவைத் திறந்து வெளியே போய், எங்காவது இருந்து ஏதாவது பார்த்துவிட்டு, தானே திரும்பி வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. குழுவில் இரண்டு நாள் சத்தம் இல்லை. பிறகு சின்னத்தங்கை, "அப்படியென்றால் வாவிக்கரை" என்று எழுதினாள்.

அவள் சொன்ன இடம் ஸ்த்ரேசா. இத்தாலியின் வடக்கே, மஜ்ஜோரே வாவியின் மேற்குக் கரையில், ஐயாயிரம் பேரும் இல்லாத சிறிய ஊர். இத்தாலியின் இரண்டாவது பெரிய வாவி அது. ஏறக்குறைய 65 கிலோமீற்றர் நீளம், வடக்கு முனை சுவிஸுக்குள் இருக்கிறது. ஐரோப்பியப் பெரியமனிதர்கள் நூறு வருடத்துக்கு முன்பே வந்து தங்கிய பழைய உல்லாச ஊர் என்பதால், பெரிய ஹொட்டேல்களுக்கு முன்னால் கரையோரம் நெடுக மட்டமான நடைபாதையும் மரநிழலும் வாங்குகளும் உண்டு. ஹெமிங்வேயின் 'போரே நீ போ' என்று தமிழில் வந்த நாவலின் பிற்பகுதியில் ஒரு பகுதி நடப்பது இங்கேதான். பெறாமகள் அதை ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே வந்தாள். பேர்ணிலிருந்து சிம்ப்ளொன் சுரங்கத்தினூடாக வரும் ரயில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் ஸ்த்ரேசாவுக்கு வந்துவிடும். மிலானிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணித்தியாலம். மல்பென்சா விமான நிலையத்திலிருந்து வானில் வந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, பேர்ண் எல்லாவற்றிலிருந்தும் வருகிறவர்களுக்கு இப்படி ஒரு சந்தி கிடைப்பது இலேசில்லை.

குறையையும் சொல்லவேண்டும். ஹொட்டேல்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே பிரதான வீதி போகிறது, வாகனங்கள் விரைவாக வரும். மஞ்சள் கடவையில் நின்றே கடக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் சின்னப்பிள்ளைக்கும் முதல் நாளே ஒத்திகை பார்த்தோம். அங்கே அது வெள்ளைக் கடவை. ரயில் நிலையமும் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது, பெட்டியோடு நடக்கக்கூடாது.

எந்த மாதம் என்பதில் தெரிவுக்கு இடமிருக்கவில்லை. லண்டன் தங்கை ஆசிரியை, அவளுக்கு மே மாதக் கடைசியில் ஒரு கிழமை பாடசாலை விடுமுறை. முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறைச் சேர்த்தால் ஒன்பது நாள். அது நல்லதாகவே முடிந்தது. ஜூலை, ஓகஸ்ட் போல் வெயிலும் இல்லை, சன நெருக்கமும் குறைவு, தோட்டங்களில் பூ இருந்தது.

இனி விசா. இங்கே பலருக்கு இது பயன்படும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், லண்டன் விசா அதற்கு உதவாது. எந்த நாட்டில் கூடுதலான நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாலு நாடு சுற்றுகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் தடுமாறுவார்கள். எங்களுக்கு ஒன்பது இரவு இத்தாலி, அதன் பிறகு சின்னத்தங்கையுடன் பேர்ணில் ஏழு இரவு, ஆகவே இத்தாலி. ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே முகவரி என்பதால் விண்ணப்பமும் சுருக்கமாக முடிந்தது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறையாமல் கொடுத்துவிட வேண்டும். ஆனால் நேரம் பதிவதே சிரமம் என்பதால் மூன்று மாதம் முன்னமே தொடங்குங்கள். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. கைரேகை கொடுக்க அம்மாவும் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. அம்மாவின் விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் மூன்று தரம் வைக்கவேண்டியதாயிற்று. "பாத்திரம் தேச்ச கை" என்று அந்தப் பிள்ளையிடம் தமிழில் சொன்னார்.

பிரித்தானிய, கனேடியக் கடவுச்சீட்டுக்காரருக்கு விசா தேவையில்லை, 180 நாளில் 90 நாள் நிற்கலாம். ஆனால் கடவுச்சீட்டு வழங்கிப் பத்து வருடத்துக்குள் இருக்கவேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். மகள் தன் பிள்ளையைத் தனியே கூட்டிவருவதால் தகப்பனிடமிருந்து சம்மதக் கடிதம் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டாள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லாமல் நிற்க முடியாது.

வீடு பிடித்ததில்தான் நாங்கள் பிழைவிட்டோம். மகள் கனடாவில் வளர்ந்தவள். அங்கே நிலத்தோடு இருக்கும் தளத்தை முதலாம் தளம் என்பார்கள். வாவி தெரிகிற நல்ல வீடொன்று, முதலாம் தளம் என்று போட்டிருந்தது, முற்பணமும் கட்டிவிட்டாள். இத்தாலியில் முதலாம் தளம் என்றால் எங்கள் ஊரைப் போல ஒரு மாடி மேலே. எனக்குச் சந்தேகம் வந்து வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னோம். இருபத்துமூன்று படி, லிப்ற் இல்லை. முற்பணம் போனது. மகள் அழாத குறை. அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் வீடியோ கேட்டோம், ஒருவரும் மறுக்கவில்லை.

கடைசியில் கிடைத்தது வாவி தெரியாத வீடு. பிரதான வீதிக்குப் பின்னால், பழைய தெருவில், நிலத்தோடு ஒட்டியது. மூன்று அறை, இரண்டு குளியலறை, பின்பக்கம் ஒரு சிறு முற்றம், ஏழு பேரும் சுற்றி இருக்கக்கூடிய நீள மேசை. வாவி தெரிய வேண்டும் என்று பெறாமகள் முகத்தைத் தூக்கினாள். நடந்து போனால் நாலு நிமிடத்தில் தெரியும் என்று சொன்னேன். வீட்டைப் பற்றி என் கொப்பியில் எழுதிவைத்த கேள்விகள் இவை: வாசலில் எத்தனை படி? கட்டில் எத்தனை உயரம், எழும்பும்போது கால் நிலத்தில் படுமா? குளிக்கும் இடத்தில் தொட்டியா, அல்லது அப்படியே காலெடுத்து வைக்கலாமா? இரவில் அம்மா படுக்கும் அறைக்கும் மலசலகூடத்துக்கும் இடையில் வேறு ஆளின் அறை இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. கேளுங்கள். இன்னொன்று, சபையில் சொல்ல வெட்கமாக இருந்தாலும் எல்லோரும் பெண்கள்தானே: இத்தாலியில் 1975ஆம் ஆண்டிலிருந்து வீடுகளில் கழுவுவதற்கென்று தனித் தொட்டி வைக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஐரோப்பாவில் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாளும் எனக்கு நல்ல ஞாபகம், ஏனென்றால் அம்மா சந்தோஷமாக இருக்கவில்லை. அம்மாவைக் குசினிக்குள் விடுவதில்லை என்று நாங்கள் மூவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். எழுபது வருடம் சமைத்தவர், இந்த ஒன்பது நாளாவது இருக்கட்டும் என்று. அம்மா கதிரையில் இருந்தார். கையை மடியில் வைத்தார், எடுத்தார். இரண்டாம் நாள் பின்னேரம் பெட்டியைத் திறந்து மடித்த சேலைகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். பேத்திதான் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, அம்மம்மா தான் எங்களுக்குப் பாரம் எண்டு நினைக்கிறா போல" என்றாள்.

மூன்றாம் நாள் அரிசியை அம்மாவிடம் கொடுத்தோம். அதில் ஒரு வேடிக்கை. ஸ்த்ரேசா இருக்கும் பியெமொந்தே மாகாணம் நெல்லுக்குப் பேர்போனது. ஐரோப்பாவில் அரிசி கூடுதலாக விளைவது இத்தாலியில்தான்; ஆர்போரியோ என்ற அரிசிக்கு அந்த மாகாணத்து ஊர் ஒன்றின் பெயர். கடையில் அதுதான் நிறைய இருந்தது. நாங்கள் அதை வடித்துச் சோறாக்கப் பார்த்து இரண்டு நாளும் கூழாக்கியிருந்தோம். அம்மா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். "இது சோத்துக்கு இல்லை. பொங்கலுக்குத்தான் சரி" என்றார். சொன்ன மாதிரியே. பால் விட்டு, அந்த ஊர்த் தேனும் விட்டுப் பொங்கினார். அடுத்த தெருக் கடையில் நீள அரிசியும் இருந்தது; அதை அம்மாவே போய்ப் பார்த்து எடுத்துவந்தார். அதற்குப் பிறகு ஒரு நேரம் அம்மா, ஒரு நேரம் நாங்கள் என்று ஆயிற்று. மிளகாய்த்தூளும் கறித்தூளும் இங்கிருந்து கொண்டுபோனோம். பச்சைக் கறிவேப்பிலையைச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது. இறைச்சியும் பால் பொருட்களும் கூடாது. புட்டுக்குழல் பேர்ணிலிருந்து ரயிலில் வந்தது.

ஒரு நாளைக்கு ஒரு பயணம், அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை என்பது எங்கள் ஒழுங்கு. அதை ஒரு முறை மீறினோம். இவ்வளவு தூரம் வந்து மிலான் பேராலயத்தைப் பார்க்காமல் போவதா என்று லண்டன் தங்கை கேட்டாள். போனோம். பேராலயம் பெரிதுதான். சனத்துக்குள் அரை மணித்தியாலம் நின்று, சின்னப்பிள்ளை அழுது, அம்மா ரயில் நிலையத்தில் ஒரு மணித்தியாலம் இருந்து, இரவு எல்லோருக்கும் கால் வீங்கி, அடுத்த நாளும் போனது. மிலானைப் பற்றி வேறு ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை.

படகுதான் அம்மாவுக்குப் பிடித்தது. ஸ்த்ரேசாவுக்கு எதிரே சின்னத் தீவுகள் இருக்கின்றன, அரச படகுச் சேவை பஸ் மாதிரி ஓடுகிறது, ஐந்து பத்து நிமிடத்தில் போய்விடலாம். இறங்குதுறைக்குப் பக்கத்தில் தனியார் படகுக்காரர் கப்பல் தொப்பியும் போட்டுக்கொண்டு கூப்பிடுவார்கள், அரச ஆட்கள் என்றே நினைப்போம். ரிக்கற் விற்கும் யன்னலுக்கு நேரே போங்கள். முதல் நாள் படகில் ஏற நாங்கள் இரண்டு பக்கமும் அம்மாவைப் பிடிக்கப் போனோம். அம்மா எங்கள் கையைத் தட்டிவிட்டார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, படகு எழும்பும் வரை பார்த்து நின்று, எழும்பியதும் காலை வைத்தார். அறுபது வருடத்துக்கு முன் பழகிய கால். விடுதியிலிருந்து லீவுக்குப் போகும் தீவுப் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஈசொலா பெல்லா என்ற தீவில் பொறொமேயோ குடும்பத்து மாளிகையும் பத்து அடுக்குத் தோட்டமும். 1632இல் கட்டத் தொடங்கியது, மனைவி இசபெல்லாவின் பெயரில். மதியத்துக்கு முன் போக வேண்டும், பிறகு நெருக்கம். அங்கே படி அதிகம் என்பதால் அம்மா கீழ்த் தோட்டத்தில் வெள்ளை மயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முருகன் இதிலை ஏறமாட்டார், ஊத்தை பிரளும்" என்றார். மீனவர் தீவில் இறங்கியதும், "கருவாடு எங்கை காயப்போடுகினம்?" என்று கேட்டார். இப்போது அங்கே பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைகள்தான்.

ஈசொலா மாத்ரே தீவில், மாளிகைக்கு முன்னால் ஒரு காஷ்மீர் சைப்பிரஸ் மரம் நிற்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வயது. 2006ஆம் ஆண்டு ஒரு சூறாவளியில் வேரோடு சாய்ந்துவிட்டது. வெட்டி எறியாமல், பாரந்தூக்கி கொண்டுவந்து நிமிர்த்தி, சுற்றிவரத் தடித்த உருக்குக் கம்பிகளால் இழுத்துக் கட்டிவைத்திருக்கிறார்கள். இலை சாம்பல் கலந்த நீலமாக, கூந்தல் மாதிரித் தொங்குகிறது. அம்மா அந்த மரத்தடியில் நெடுநேரம் நின்றார். கம்பி ஒவ்வொன்றையும் எங்கே கட்டியிருக்கிறது என்று சுற்றிவந்து பார்த்தார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. "நல்லாத்தான் கட்டியிருக்கிறாங்கள்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் விடிய ஆறரைக்கு நான் எழும்பியபோது அம்மாவின் கட்டில் வெறுமையாக இருந்தது. விதியை எழுதியவளே நான்தான், என்றாலும் நெஞ்சு திக்கென்றது. வெளியே போய்ப் பார்த்தால், இறங்குதுறைக்குப் பக்கத்து வாங்கில் இருந்து, முதல் படகுக்குக் கயிறு அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு பாண். வாங்கியது எப்படி என்று கேட்டேன். "காட்டினன், தந்தாள். மிச்சக் காசு சரியோ எண்டு எண்ணிப் பார்." சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு விடியலும் பாண் அம்மாவின் பொறுப்பு.

இனிச் சொல்லப்போவதை அம்மாவிடமும் தங்கைமாரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே சொல்கிறேன்.

எங்கள் அப்பா 1999இல் காலமானார். சின்னத்தங்கையின் அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகவில்லை, வர முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் செய்தி அவளுக்குப் போய்ச் சேர்ந்ததே ஒன்பதாம் நாள்தான். எட்டு நாளும் அவள் அங்கே வழமைபோல் சமைத்து, வேலைக்குப் போய், ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கும் போயிருக்கிறாள். அக்கா வேண்டுமென்றே பிந்திச் சொன்னாள் என்று அவள் என்மேல் வைத்திருந்த மனக்குறை எனக்குத் தெரியும். நான் அன்றைக்கே லண்டனுக்குச் சொல்லிவிட்டேன், அவள்தான் சொல்லாமல் விட்டாள் என்று நான் நடுவிலாள்மேல் வைத்திருந்தேன். இரண்டு இரண்டு பேராகச் சந்தித்த நேரமெல்லாம் இல்லாத மூன்றாமவள்மேல் பழியைப் போட்டுவிட்டு எழும்பிவிடுவோம்.

ஆறாம் நாள் மழை. வெறும் நாள். இரவு சாப்பிட்ட கோப்பைகளை எடுக்காமல் மேசையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். சின்னவள் திடீரென்று கேட்டாள். மூன்று பேரும் இருந்தோம், ஒருவருக்கும் எழும்பிப் போக இடமில்லை. குரல் உயர்ந்தது. நடுவிலாள் அழுதுகொண்டு, "சொல்லக்கூடாதெண்டு எனக்குச் சொன்னது" என்றாள். யார் சொன்னது என்று கேட்க முதல் அம்மா அறை வாசலில் நின்றார். "நான்தான். அவள் அஞ்சு மாசம். முதல் பிள்ளை ஏற்கெனவே தங்கேல்லை. கொப்பரை இழந்து போட்டன், இதையும் இழக்க ஏலாது எண்டு நான்தான் ரெலிபோன் கடையிலை நிண்டு சொன்னனான்" என்றார். அந்தப் பிள்ளைக்கு இன்று இருபத்தைந்து வயது கடந்துவிட்டது.

சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் முற்றத்தில் மழைக்குள் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு வந்து கோப்பைகளைக் கழுவினாள். அன்றிரவு அவள் அம்மாவின் கட்டிலில் படுத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த நாளும் அவள் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. ஆனால் பேர்ணுக்குப் போன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு எடுக்கிறாள். முன்பு அம்மாவுக்கு மட்டும்தான் எடுப்பாள்.

காசைப் பற்றியும் கேட்பீர்கள். மூன்று சகோதரிகளுக்கும் மூன்று விதமான வருமானம். வீட்டு வாடகையை ஆள் கணக்கில் பிரிக்காமல் உழைப்புக்குத் தக்கபடி பிரித்தோம். சாப்பாட்டுக்கு ஒரு தகர டப்பா, கிழமைக்கு இவ்வளவு என்று எல்லோரும் ஒரே அளவு போட்டோம். அம்மாவின் விமான ரிக்கற்றை யார் எடுப்பது என்று மூன்று பேரும் சண்டை பிடித்தபோது, தன் ஓய்வூதியத்திலிருந்து தானே எடுப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டார். சக்கரநாற்காலி உதவியை ரிக்கற் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், மருந்தின் மூலப்பெயரோடு வைத்தியரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அருகிலுள்ள வெர்பானியாவில் வைத்தியசாலை இருந்தது, நல்லகாலம் தேவைப்படவில்லை.

கொப்பியில் எழுதிய கேள்விகளைத் தட்டச்சு செய்து செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், விரும்பியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஸ்த்ரேசாவுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. உங்கள் அம்மாவின் கால் எப்படி, அவர் எதைப் பார்த்துக்கொண்டு இருக்க விரும்புவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

விமானம் ஏறப்போகும்போது சின்னத்தங்கை, "அம்மா, அடுத்த முறை எங்கை?" என்று கேட்டாள். ஜெனீவா, வியன்னா என்று ஏதாவது ஊர் வரும் என்று எதிர்பார்த்திருப்பாள். "அனலைதீவு" என்றார் அம்மா. வரும் ஓகஸ்டில் எல்லோரும் வருகிறார்கள். இறங்குதுறையில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா, படி எத்தனை, அங்கே ஏழு பேர் தங்க நிலத்தோடு ஒட்டிய வீடு கிடைக்குமா என்று பார்த்துவர என்னை அனுப்பியிருக்கிறார். வரும் சனிக்கிழமை காலைப் படகில் போகிறேன். அந்தப் பக்கத்து அக்காமார் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிய என்னை வந்து சந்தியுங்கள்.